இரைச்சல் ஓய்ந்த நெஞ்சு

“மகன், இப்ப புள்ளைக்கு நல்லம். முந்தி மாதிரி இளைப்புமில்ல, வேர்வையுமில்ல, சோறும் தின்னுறாள்” என்று, 1998-ஆம் ஆண்டில் ஒரு காலை வேளையில், எட்டு வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த மூதாட்டியொருவர் மனநிறைவோடு சொன்னபோது, அந்த நிறைவைக் குலைக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்துவிட்டதென்பது, குழாயைக் காதில் மாட்டுவதற்கு முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் என் ஊரவர்கள். இறக்கக்கண்டியிலிருந்து சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறித் திருகோணமலைக்கு வந்து, அங்கே ஓர் இரவு தங்கி, பின்னர் பஸ்ஸிலே கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பிரயாணஞ் செய்து வந்திருந்தார்கள். அப்படி வந்ததுங்கூடப் பிள்ளைக்கு வருத்தம் என்பதற்காக அன்று, பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் நகம் நீலமாயிருக்கிறதே என்று சொல்லிவிட்டதனால்.

சிறுமியின் விரல்நுனிகள் சற்றே உப்பி, நகங்கள் கவிழ்ந்து வளைந்து, நாவற்பழம் தின்ற நாவின் நிறங் கொண்டிருந்தன. மார்பின் இடப்புறம் இரண்டாம் விலா இடைவெளியில் விரலை வைத்தேன். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் உள்ளிருந்து ஏதோ ஒன்று சுண்டுவது விரலுக்குத் தெரிந்தது. நுரையீரல் நாடியின் வாயிலிலுள்ள கவாடம், தாங்கொணாத அழுத்தத்தினால் அறைந்து மூடும் அதிர்ச்சி அது. காதுக்கும் அந்த ஒலி ஒன்றே பெரிதாகக் கேட்டது. இருதயச் சுவரில் ஓட்டையுள்ள பிள்ளையிடத்திற் கேட்கவேண்டிய இரைச்சல் அவளிடத்தில் இல்லை.

அப்போது அந்த மூதாட்டி, சிறுமியின் உம்மம்மா, தம் மடியிலிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, நான்காய் மடித்து மடிப்புகள் கிழிந்துபோன ஒரு கிளினிக் அட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். எத்தனையோ இடப்பெயர்வுகளிலும் விடாது காப்பாற்றிய அந்த அட்டையில், பிறந்தபோது 3.1 கிலோகிராம், இரண்டாம் மாதத்தில் 4.2, நான்காம் மாதத்தில் 4.5 என்று ஒரு மருத்துவ மாதின் வட்டமான கையெழுத்திற் குறிக்கப்பட்டிருந்தது. மேல்நோக்கிச் செல்லவேண்டிய கோடு இரண்டாம் மாதத்தோடு களைத்துப்போய்த் தரையோடு தரையாய்ப் படுத்துவிட்டிருந்தது. அதன் பக்கத்தில், 1990-ஆம் ஆண்டு மே மாதத் திகதியிட்டு, ‘நெஞ்சில் இரைச்சல் பலமாகக் கேட்கிறது, கொழும்புக்கு அனுப்பவும்’ என்று எழுதியிருந்தது. அடுத்த மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. அதன்பின் மூன்று வருஷங்களுக்கு அட்டையில் எழுத்தே இல்லை. 1993-இல் வேறொருவரின் கையெழுத்தில் மீண்டும் எடைகள் தொடங்குகின்றன. தொடங்கியபின் அந்தக் கோடு, பார்ப்பவர் மகிழும்படியாக, ஏறிக்கொண்டே போகிறது. உம்மம்மா அந்த ஏற்றத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். என் தொழிலில் நான் பார்த்த துயரமான கோடுகளுள் அதற்கு நிகரானது வேறில்லை.

ஏன் அப்படி என்பதைச் சொல்ல, எங்களூர்க் களப்பின் முகத்துவாரத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. இறக்கக்கண்டிப் பாலத்தின் கீழ் நின்று சிறுவயதில் தென்னம்பாளையை நீரில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறதென்று பந்தயம் பிடித்து விளையாடியிருக்கிறோம். மாரிமழையில் உட்புற நீரெல்லாம் வந்து களப்பு நிரம்பியிருக்கும்போது பாளை கடலை நோக்கி ஓடும். கோடையிலே களப்பு வற்றிக் கிடக்கையில் கடற்பெருக்கு அதனை உள்ளே இழுத்துச் செல்லும். இரண்டு மட்டமும் சமமாகின்ற சிறிது பொழுதில், நீர் ஓசையே இல்லாமல் நிற்க, பாளை நின்ற இடத்திலே சுற்றிக்கொண்டிருக்கும். வாய் ஒன்றுதான். ஓட்டத்தின் திசையைத் தீர்மானிப்பது இரு புறத்து மட்டங்களே.

இருதயத்தின் கீழறைகள் இரண்டையும் பிரிக்கின்ற சுவரில் பிறவியிலேயே பெரிய துவாரமொன்று அமைந்துவிட்டால் நடப்பதும் இதுவே. உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறையின் அழுத்தம் அதிகம். நுரையீரலுக்கு மாத்திரம் செலுத்தும் வலது கீழறையின் அழுத்தம் சாதாரணமாக அதில் நாலில் ஒரு பங்குதான். கருவில் இருக்கும்போது சிசுவின் நுரையீரல் நாடிகள் தடித்துச் சுருங்கியிருப்பதனால், பிறந்த உடனே இந்த வேற்றுமை தோன்றுவதில்லை, இரைச்சலும் கேட்பதில்லை, பிரசவ விடுதியிற் பரிசோதித்த வைத்தியர் பிள்ளை சுகம் என்று எழுதியனுப்பியது அவருடைய பிழையுமன்று. ஆறு எட்டு வாரங்களில் அந்த நாடிகள் இளகித் தடை குறையக் குறைய, இடப்புறத்து இரத்தம் துவாரத்தின் வழியே வலப்புறம் பாய்ந்து, நுரையீரலுக்கு இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு இரத்தம் போய்ச் சேர்கிறது. அந்தப் பாய்ச்சலின் ஓசைதான் இரைச்சல். பிள்ளை பாலுறிஞ்சும்போது நெற்றி வியர்க்கிறது, நான்கு மிடறு குடித்ததும் இளைக்கிறது, மாதத்துக்கொரு முறை சளிச்சுரம் வருகிறது, எடை ஏறாமல் நிற்கிறது. தாய்க்கு இது கஷ்டகாலம். ஆனால் சத்திரசிகிச்சை செய்பவனுக்கு இதுவே நற்காலம், ஏனெனில் நாடிகள் இன்னும் மிருதுவாயிருக்கின்றன.

வெள்ளத்தையும் அழுத்தத்தையும் இரவுபகலாய்த் தாங்குகின்ற அச்சிறு நாடிகள் தங்களைக் காத்துக்கொள்ள வேறு உபாயமின்றித் தடித்து, உட்சுவர் வளர்ந்து, நார்பற்றி, உட்குழல் சிறுத்து, கடைசியில் ஒருநாள் திரும்பிவர முடியாத எல்லையைக் கடந்துவிடுகின்றன. பெரிய துவாரமுள்ள பிள்ளைக்கு இரண்டு வயதளவில் அந்த எல்லை சமீபித்துவிடும். நுரையீரலுக்குள் வெள்ளம் குறைகிறது. ஆகவே இளைப்புக் குறைகிறது, வியர்வை நிற்கிறது, சோறு செல்கிறது, எடை ஏறுகிறது. இருபுற அழுத்தமும் சமமாகவே இரைச்சலும் ஓய்கிறது. குடும்பத்தார் தொழுகையிலும் நேர்த்தியிலும் நன்றி செலுத்துகின்ற அந்த வருஷங்கள்தாம் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுகின்ற வருஷங்கள். அதற்குப்பின் வலப்புற அழுத்தம் இன்னும் உயர்ந்து, பாளை திசைமாறியதுபோல், பிராணவாயு குன்றிய இரத்தம் வலமிருந்து இடத்துக்குப் பாய்ந்து உடலிற் கலக்கின்ற நாளில்தான் நகம் நீலமாகிறது.

1897-இல் ஐசன்மெங்கர் என்னும் வியன்னா வைத்தியர், குழந்தைப் பருவம் முதலே நீலம் பாரித்து 32 வயதில் இரத்தம் கக்கி இறந்த ஒருவருடைய இருதயத்தைத் திறந்து பார்த்து, அதிலிருந்த பெரிய துவாரத்தை வர்ணித்தெழுதினார்; இந்நிலைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. ஆனால் அதன் காரணகாரியத்தை ஐயந்திரிபறத் தெளிவாக்கி, நோய் துவாரத்தின் இடத்தைப் பொறுத்ததன்று, நுரையீரல் நாடிகளின் தடையைப் பொறுத்தது என்று 1958-இல் நிறுவியவர் லண்டனிற் பணியாற்றிய பால் வுட். அவர் பிறந்தது நீலகிரியிலுள்ள குன்னூரில் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. இன்றும் உலகெங்கும் அந்தத் தடையை அளக்கும் அலகுக்கு வுட் அலகு என்றே பெயர். அதே 1958-இல் ஹீத், எட்வர்ட்ஸ் என்னும் இருவர் அந்நாடிகளைச் சீவிச் சீவி நுண்பெருக்கியில் ஆராய்ந்து, சிதைவை ஆறு படிகளாக வகுத்தனர். முதலிரண்டு படிகளில் நிற்பவற்றைத் துவாரத்தை அடைத்தால் மீட்கலாம். மேற்படிகளில் ஏறிவிட்டவற்றுக்கு இறக்கமில்லை.

அந்த அலகைக் கணக்கிடும் முறை எளிது. எளிதாயிருப்பதே அதன் அபாயமும். தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய கதீற்றரைச் செலுத்தி, நுரையீரல் நாடியின் சராசரி அழுத்தத்திலிருந்து இடது மேலறையின் அழுத்தத்தைக் கழித்து, நுரையீரலினூடு நிமிஷத்துக்கு எத்தனை லீற்றர் இரத்தம் ஓடுகிறதோ அந்த எண்ணால் வகுக்கவேண்டும். இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம், இருவரையும் ஒரே உடலளவுக்குச் சீர்செய்து. இருவருக்கும் நாடியழுத்தம் 60, மேலறை அழுத்தம் 10. ஒருத்திக்கு ஓட்டம் 15 லீற்றர். தடை 3-க்குச் சற்று மேல். மற்றவளுக்கு ஓட்டம் 4 லீற்றர். தடை 12-க்கும் மேல். முதலாமவளின் அழுத்தம் வெள்ளத்தால் வந்தது. துவாரத்தை அடைத்தால் அதுவும் வடிந்துவிடும். இரண்டாமவளின் அழுத்தம் அடைபட்ட நாடிகளால் வந்தது. துவாரத்தை அடைத்தால், வலது கீழறைக்கு இருந்த ஒரே வடிகாலையும் நாமே மண்கொட்டி மூடியவர்களாவோம். 4-க்குக் கீழே இருந்தால் தைரியமாக அடைக்கலாம், 8-க்கு மேற்சென்றால் தொடலாகாது என்பது இன்றைய பொது விதி. இடைப்பட்ட நிலத்தில் நிற்கின்ற பிள்ளைகளே எங்கள் உறக்கத்தைக் கெடுப்பவர்கள்.

அந்த நிலத்தில் நான் ஒரு பிள்ளையைத் தவறவிட்டேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கு வேண்டியதில்லை; தவறு என்னுடையது. ஐந்து வயதுச் சிறுவன். சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கவைத்து அளந்தபோது தடை 5 என்று வந்தது. நாடிகள் இளகுகின்றன என்று மகிழ்ந்து, அடுத்த வாரம் துவாரத்தை முழுவதும் அடைத்தேன். இரத்தத்திற் பிராணவாயுவின் பெரும்பகுதியைச் சுமப்பவை சிவப்பணுக்களே; ஆயினும் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கையில், நீரிற் சீனி கரைவதுபோல் இரத்தத்தின் நீர்ப்பகுதியிற் கரைகின்ற சிறு பகுதியும் அலட்சியஞ் செய்யத்தக்கதன்று. அதைக் கணக்கிற் சேர்க்காவிட்டால், ஓட்டம் உள்ளதைவிட அதிகமாகவும், ஆகவே தடை உள்ளதைவிடக் குறைவாகவும் தோன்றும். அந்தத் தாளில் அது சேர்க்கப்படவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாளிரவு அவன் வலது இருதயம் ஸ்தம்பித்துப் போனபின், விடியுமுன் தனியே அமர்ந்து மீண்டும் கணக்கிட்டேன். எண் 9-ஐ நெருங்கியது. அவனுடைய தகப்பனார் விறாந்தையிலே என் கையைப் பிடித்து, “நீங்கள் உங்களால் ஏலுமானதைச் செய்தீங்கள் ஐயா” என்றார். அதற்குப்பின் எந்தக் கதீற்றர் அறிக்கையையும், மூலத் தாளை வாங்கி என் கைப்பட ஒருமுறை கணக்கிடாமல் நான் கத்தியைத் தொட்டதில்லை.

கத்தியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நெஞ்செலும்பைப் பிளந்து, இருதய உறையை விலக்கியவுடன் இவ்வியாதி கண்ணுக்குப் பிரத்தியட்சமாகிவிடும். பெருநாடிக்குச் சமமாகவோ சிறிதாகவோ இருக்கவேண்டிய நுரையீரல் நாடி, அதைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு முன்னால் வீங்கி நிற்கும். நான் அதன்மேல் சுட்டுவிரலை வைத்துச் சிறிது நேரம் பேசாமல் நிற்பது வழக்கம். வெள்ளத்தால் வீங்கிய நாடி விரலின்கீழ் அதிர்ந்துகொண்டிருக்கும், அழுத்தினால் இடங்கொடுக்கும். தடையால் வீங்கிய நாடி, காற்று இறுக அடைத்த சைக்கிள் ரியூப்பைப்போல் விறைத்து நிற்கும். இயந்திரங்கள் சொல்வதை விரலும் ஒப்புக்கொள்ளும்போதுதான் மனம் அமைதியடைகிறது.

பின்னர் இருதய நுரையீரல் இயந்திரத்தை இணைத்து, இருதயத்தை நிறுத்தி, வலது மேலறையைத் திறந்து, கவாடத்தின் இதழ்களை ஒதுக்கி உள்ளே நோக்கினால் துவாரந் தெரியும். அதன் கீழ்ப்பின் விளிம்பில், கண்ணுக்குப் புலப்படாமல், இருதயத்தின் துடிப்பைக் கீழறைகளுக்குக் கடத்தும் நார்க்கற்றை ஓடுகிறது. அங்கே ஊசி ஆழமாகப் பாய்ந்தால் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மின்கருவியின் தயவில் வாழநேரிடும். ஆகையால் அவ்விடத்தில் தையலை விளிம்பிலிருந்து சற்று விலக்கி, மேலாக, தோலை மாத்திரம் தொட்டுச் செல்வதுபோல் போடவேண்டும். இது கற்பித்து வருவதன்று. ஆசிரியர் பக்கத்தில் நின்று நம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, பல நூறு தடவை செய்து வருவது.

ஐயத்துக்கிடமான பிள்ளைகளுக்கு நான் கடைப்பிடித்த முறை, அமெரிக்காவின் வில்லியம் நோவிக்கும் அவர் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட இரட்டை ஒட்டு முறை. அடைக்கும் ஒட்டின் நடுவில் நான்கைந்து மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை வெட்டி, அதன் இடப்புறத்தில் சிறு திரைபோல் இன்னுமோர் ஒட்டை, மேல்விளிம்பை மாத்திரம் தைத்துத் தொங்கவிடுவது. சாதாரண வேளையில் இடப்புற அழுத்தம் திரையைத் துளையோடு சேர்த்து அமுக்கிவைக்கும். ஒட்டு முழுமையாக அடைபட்டதாகவே நிற்கும். வலப்புற அழுத்தம் திடீரென்று மிஞ்சினால் திரை விலகி, சிறிது இரத்தம் இடப்புறம் கடந்து, வலது கீழறை மூச்சுவாங்க அவகாசங் கிடைக்கும். பாக்குநீரிணைக் கரையிலும் எங்கள் கரையிலும் இறால்பண்ணைக்காரர் மதகுகளில் தொங்கவிடுகின்ற பலகையும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். மேசையின்மேல் அந்தத் திரையைக் கத்தரிக்கும்போது, ஒரு சிறு கத்தரிக்கோல் வெட்டில் ஒரு பிள்ளையின் தப்பிக்கும் வழியை வைக்கிறோம் என்ற எண்ணத்தோடு கத்தரிக்கவேண்டும். திரை பெரிதானால் விறைத்து மூடாது, சிறிதானால் ஒழுகும்.

வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த நான்கு வயதுச் சிறுவனொருவனுக்குத் தடை 7. பல நாட்கள் யோசித்து இந்த முறையில் அடைத்தேன். இத்தகைய பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தபின் வரும் இரண்டு மூன்று இரவுகளே உண்மையான பரீட்சை. தடித்த நாடிகள் கோபங்கொண்ட மனிதரைப்போல். ஒரு சிறு வலி, ஒரு கணப் பிராணவாயுக் குறைவு, இரத்தத்திற் சிறிது கரியமிலம் கூடுதல், தொண்டைக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சும் ஓர் அவசரம், இவற்றுள் எதுவும் அவற்றைத் திடீரென இறுகச் சுருங்கச் செய்துவிடும். அப்போது கண்காணிப்புக் கருவியின் திரையில் இரண்டு கோடுகள், ஒன்று உடலின் அழுத்தம், ஒன்று நுரையீரலின் அழுத்தம், ஒன்றையொன்று நோக்கி நகரத் தொடங்கும். மேலது இறங்கும், கீழது ஏறும். இரண்டும் சந்தித்தபின் வைத்தியனுக்கு எஞ்சியிருப்பது நிமிஷங்கள் மாத்திரமே.

ஆகவே அந்த இரவுகளில் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிற் பேச்சுத் தாழ்ந்திருக்கும். பிள்ளையை விழிக்கவிடுவதில்லை. சளியை எடுக்கவேண்டுமானால் முன்னரே உறக்கமருந்தைக் கூட்டி, பிராணவாயுவை முழு அளவுக்கு உயர்த்தி, ஒருவர் கையாற் சுவாசப்பையை அமுக்க, மற்றவர் மூன்றே வினாடியில் எடுத்து முடிப்பார். இந்தக் கைப்பக்குவத்தில் வைத்தியரைவிடத் தாதியரே வல்லவர்கள். அனுபவமுள்ள ஒரு தாதி, இயந்திரம் ஒலியெழுப்புமுன், பிள்ளையின் உதட்டோரத்துச் சாம்பல்நிறத்தைக் கண்டு கையை நீட்டிவிடுவாள். நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு, இரத்தக் குழாய்களை இளக்கும் இயற்கைத் தூதன் என்று கண்டவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனைப் பத்து இலட்சத்தில் 20 பங்கு என்ற நுண்ணிய அளவிற் சுவாசத்தோடு கலந்தால், உடலின் அழுத்தத்தைத் தொடாமல் நுரையீரல் நாடிகளை மாத்திரம் இளக்கும். எங்களுக்கு அது எல்லா நாளும் கிடைத்ததில்லை. கிடைக்காத நாட்களில் உறக்கம், பிராணவாயு, நிதானம் என்ற மூன்றையே நம்பினோம்.

அந்த வவுனியாச் சிறுவனின் இரண்டாம் இரவு, இரண்டு மணியளவில், பிராணவாயுச் செறிவு 97-இலிருந்து 84-க்கு வீழ்ந்தது. இளம் வைத்தியர் பதறிப்போய் என்னை எழுப்பினார். நான் ஓடிவந்து முதலிற் பார்த்தது அழுத்தக் கோட்டை. அது அசையாமல் நின்றது. நுரையீரல் நாடியின் கோடு ஏறித்தான் இருந்தது, ஆயினும் உடலின் கோடு இறங்கவில்லை. எக்கோ கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தபோது, நான் வெட்டிவைத்த அந்தத் திரை ஒவ்வொரு துடிப்பிலும் விலகி, ஒரு மெல்லிய நீலக் கீற்று இடப்புறம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. பிள்ளை நீலமாகத்தான் இருந்தான், உயிரோடிருந்தான். நாற்காலியை அவன் கட்டிலருகே இழுத்துப்போட்டு விடியும்வரை அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் செறிவு 95-க்கு ஏறியது. ஆறு மாதத்தின் பின் திரை அசைவதே இல்லை. வருஷங்கள் கழிந்தபின்னும் அவன் மருந்தோடும் கவனிப்போடுமே வளர்ந்தான். அவன் நாடிகள் முற்றாக மீண்டன என்று நான் எங்கும் எழுதியதில்லை.

இத்தனை உபாயங்களும் காலந் தாழ்ந்து வந்த பிள்ளைகளுக்கே வேண்டியவை. நான்கைந்து மாதத்தில் வந்துவிட்ட சிசுவுக்கு வேண்டியது ஒரேயொரு ஒட்டும் ஒரு வரிசைத் தையலுமே. அவர்களைப் பற்றி எழுதுவதற்கு எதுவுமில்லை, பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிகச் சிறிய, மிக மெலிந்த சிசுக்களுக்கு, 1952-இல் முல்லர், டாமன் என்போர் காட்டிய வழியில், நுரையீரல் நாடியைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி வெள்ளத்தைக் குறைத்துக் காலத்தை வாங்கலாம். டிரஸ்லரின் விதிப்படி, 20 மில்லிமீற்றரோடு கிலோகிராமுக்கொரு மில்லிமீற்றர் கூட்டவேண்டும். 4 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 24 மில்லிமீற்றர் நாடா. டவுன் நோய்க்குறியோடு பிறந்து இருதய நடுப்பகுதியில் குறையுள்ள பிள்ளைகளின் நாடிகள் இன்னும் விரைவிலே கெடுவதனால் அவர்களை ஆறு மாதத்துக்குள் முடித்துவிடவேண்டும். மேலறைகளுக்கு இடைப்பட்ட துவாரமோ வருஷக்கணக்கிற் பொறுத்திருக்கும். ஆயிரம் சிசுக்களில் எட்டோ ஒன்பதோ இருதயக் குறையோடு பிறக்கின்றன. அவற்றுள் இந்த அவசரமுடையது எது என்பதைப் பிரித்தறிவதற்கு வேண்டியது ஒரு தராசும், ஒரு குழாயும், பால் குடிக்கையில் வியர்க்கிறதா என்று தாயிடம் கேட்கும் ஒரு கேள்வியுமே.

1998-இல் வந்த அந்தச் சிறுமியை நாங்கள் முறைப்படி கதீற்றர் இட்டு அளந்தோம். பிராணவாயு கொடுத்தும் தடை 14-க்குக் கீழே இறங்கவில்லை. மறுநாள் உம்மம்மாவை அழைத்து உட்காரவைத்துச் சொன்னேன்.

“அப்ப அந்த ஓட்டைய அடைக்க ஏலாதா, மகன்?”

“ஏலாது உம்மா. இப்ப அடைச்சா புள்ளை தாங்கமாட்டாள். நெஞ்சு முட்டும்போது ரத்தம் போறதுக்கு அவளுக்கு இருக்கிற வழி அதுதான்.”

அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “அந்த வழியையாவது அல்லாஹ் விட்டுவச்சிருக்கான்” என்று சொல்லி, அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செய்யாமல் விடுவதற்கும் கைத்தேர்ச்சி வேண்டுமென்று எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் சொன்னதுண்டு. ஆனால் அந்தத் தேர்ச்சி எவ்வளவு பாரமுள்ளதென்பதை அந்தப் பை முடிச்சுப் போடப்படும் ஓசையிலேதான் அறிந்தேன். சிறுமிக்குச் சொல்லவேண்டியவற்றைச் சொன்னேன்: வெயிலில் ஓடி உடல்நீர் வற்றவிடக்கூடாது, பல் பிடுங்கினாலும் வைத்தியரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும், பெரியவளானபின் கர்ப்பந்தரிப்பது அவளுக்கு உயிராபத்து. கடைசி வார்த்தையை உம்மம்மாவிடம் மாத்திரம் தனியே சொன்னேன்.

இப்போது நான் ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டேன். களப்பின்மேல் நீண்ட புதுப்பாலம் வந்துவிட்டது, சாவடிகள் போய்விட்டன, பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இக்குழந்தைகளுக்கான இருதயப் பிரிவு இயங்குகிறது. 2014-ஆம் ஆண்டு மாரியில், மழை விட்டிருந்த ஒரு மாலை, என் வீட்டு விறாந்தைப் படியில் ஓர் இளம்பெண் ஏறி, இரண்டாம் படியில் நின்று மூச்செடுத்து, மூன்றாம் படிக்கு வந்தாள். உதட்டின் நிறத்தைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. இருபத்துநான்கு வயது, மாத்திரையால் நாளை ஓட்டுகிறாள், மணஞ் செய்யவில்லை. கையில் ஒன்பது வாரக் கைக்குழந்தை, பின்னால் தங்கை.

“தங்கச்சிட மகன், டொக்டர். பால் குடிக்கக்குள்ள தலை வேர்க்குது. அவள் சும்மா சூடு எண்டுறாள். எனக்கு மனசு கேக்கல்ல.”

குழந்தையை மேசையிற் கிடத்தினேன். பிறந்தபோது 3 கிலோ, அன்று 3.7. ஈரல் விலாவுக்குக் கீழே இரண்டு விரலளவு இறங்கியிருந்தது. இரண்டாம் விலா இடைவெளியில் விரலை வைத்தேன்; சுண்டல் இல்லை. குழாயை வைத்தேன். மாரிவெள்ளம் பாலத்தின் கீழே ஓடுவதுபோல், ஒவ்வொரு துடிப்பிலும், பலமாக, அந்த இரைச்சல் கேட்டது. இன்னொரு தடவை கேட்டேன்.

“இவனுக்கு அடைக்க ஏலுமா?” என்று அவள் கேட்டாள்.

“ஏலும், மகள். இந்த மாதத்துக்குள்ளேயே.”

கடிதத்தை எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. தங்கையிடம் அன்றிரவு ரயிலுக்குச் சீட்டு எடுக்கச் சொன்னாள். குழந்தையின் அட்டையை வாங்கி, ஒன்பதாம் வாரத்து எடையை நான் குறித்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கடிதத்தோடு சேர்த்து மடித்து, தான் கொண்டுவந்திருந்த பொலித்தீன் பையில் வைத்து முடிச்சுப் போட்டாள்.